ராட்சசனுக்கு நட்ட அளவுகோல்

என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால், "இடுப்புகிட்ட கொஞ்சம் டைட்" என்பார். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற உருப்படியை அளப்பது, கொடுத்த அளவுக்கு மேலேயோ கீழேயோ போனால் திருப்பி அனுப்புவது, இதுதான் அவருடைய வேலை. மகள் பிறந்தது நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில். முதன்முதலாகக் குழந்தையைப் பார்க்க வந்த மனிதர் குனிந்து கை விரல், கால் விரல் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு "ஓகே" என்றார். அவ்வளவுதான். கூட இருந்த நர்ஸுகள் அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தார்கள்.

அப்படிப்பட்டவர் தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் காலை நடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"கெரெல என்னமோ இருக்கு" என்றார்.

எங்கள் வீடு விஜயநகரில். நாலு தெரு தாண்டினால் ஏரி, ஊர்ப் பேச்சில் கெரெ. அதற்குப் பெயர் உண்டு, நான் சொல்லப் போவதில்லை. அதைப் பார்க்க வந்த கூட்டம் இதுவரை வந்ததே போதும். சுற்றிலும் நடைபாதை, சிமெண்ட் பெஞ்சுகள், பெஞ்சுகள் மேல் பென்ஷன்காரர்கள். அந்த ஏரியில் இருந்ததெல்லாம் மீனும் கொக்கும் ஆகாயத்தாமரையும்தான்.

"என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"மூணு மேடு. கறுப்பு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு நகர்ந்து போச்சு. அப்புறம் ஒண்ணு ஒண்ணா உள்ள போயிருச்சு. மொத்த நீளம் பன்னிரண்டு அடி இருக்கும், பிளஸ் ஆர் மைனஸ் ஒரு அடி."

இதுதான் அவர் சொன்னது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராட்சசன் என்கிற வார்த்தை என்னுடையது. அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தபோது, சும்மா சிரிக்கட்டுமே என்று, "உங்கப்பா கெரெல ராட்சசனைப் பாத்துட்டு வந்திருக்காருடி, மூணு முதுகாம்!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, நீ ஜோக்கா சொல்றியா, சீரியஸா சொல்றியா? வயசானவங்களுக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சா அது ஒரு சிம்ப்டம்மா. இதோ போட்டிருக்கு."

"கம்ப்யூட்டர்ல எல்லாந்தான் போட்டிருக்கும். நான் முப்பது வருஷம் வார்டுல நின்னவ."

"போனை அப்பாகிட்ட குடு."

அவர் போனை வாங்கிக்கொண்டார். "நான் பாத்தேன்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். அவள் "சரிப்பா, சரிப்பா" என்றாள். அந்த "சரிப்பா"வில் ஒரு கிலோ சர்க்கரை இருந்தது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து போனில் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் எச்.ஆர். மென்மையாகப் பேசுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். "மாமா, ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டுறீங்களா? சும்மா ஒரு கேம்தான்" என்றார். ஞாபகசக்தியைச் சோதிக்கிற பரீட்சை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. உள்ளே போய் காம்பஸ், ஸ்கேல், பாகைமானி எல்லாம் எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். சுவர்க் கடிகாரமா கைக்கடிகாரமா என்று கேட்டார். நிமிஷக் கோடுகளை எல்லாம் போட்டு, விநாடி முள்ளும் போட்டு, கடைசியில் சாவி கொடுக்கிற திருகையும் வரைந்தார். அந்தப் பக்கம் இரண்டு பேரும் காத்திருந்து காத்திருந்து கொட்டாவி விட்டார்கள். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதும் ஒரு சிம்ப்டம் என்று மகள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள்.

முடிவாகச் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் வரை பார்ப்பாளாம். அதற்குள் அப்பா இந்த ராட்சசன் பேச்சை விடாவிட்டால், நாங்கள் இரண்டு பேரும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும், வீட்டை விற்றுவிட வேண்டும். அவளுடைய பிளாட் பதினாலாவது மாடியில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் எதிரே இன்னும் நூறு பால்கனி தெரியும். அங்கே நாலு நாள் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும். இந்த வீட்டில் நான் வைத்த மாமரம் இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

ஆகவே எனக்கு அவசரமாக ஒரு ராட்சசன் தேவைப்பட்டது. நான் அதை நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் மனுஷனை நம்பினேன். இல்லாததைக் கண்ணால் காண்கிற நோயாளிகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் பிளஸ் ஆர் மைனஸ் ஒரு அடி என்று சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து நானும் காலையில் அவரோடு ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்.

"அக்கா, அது மொதலைதானுங்க. எங்கூருப் பக்கம் ஆத்துல பாறை மேல படுத்துக் கெடக்குமுங்க. கால்வாய் வழியா வந்திருக்குமுங்க" என்றார்.

"மொதலைக்கு மூணு மேடு கிடையாது" என்றார் என் கணவர்.

"அப்ப மூணு மொதலைங்க."

போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பலாம் என்றேன். அளவு தெரியாத போட்டோவுக்கு மதிப்பே இல்லை என்பது என் கணவரின் கட்சி. அதனால் நீளமான சவுக்குக் கழி ஒன்று வாங்கி வந்தார். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து, ஒரு அடி வெள்ளை, ஒரு அடி காவிச் சிவப்பு என்று பட்டை பட்டையாக அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை ஆழமாக நட்டுவிட்டு வந்தார். இனிமேல் எது வந்தாலும் கழியோடு ஒப்பிட்டு நீளம் சொல்லிவிடலாம். நல்ல யோசனைதான். நட்ட நாள்தான் தப்பு. மறுநாள் ஆயுத பூஜை.

மைசூரில் ஆயுத பூஜை அன்று நின்றுகொண்டிருக்கிற எதுவும் தப்பாது. ஸ்கூட்டர், ஜெராக்ஸ் மிஷின், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், எல்லாவற்றுக்கும் குங்குமமும் செவ்வந்தியும் உண்டு. நடைக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான், கையில் மிச்சமிருந்த மாலையை எங்கள் கழிக்கும் போட்டுவிட்டார். அதற்கு அடுத்த நாள் காலை வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? கோயில் மதில் மாதிரியே வெள்ளையும் காவியுமாகப் பட்டை, மேலே மாலை, சுற்றிலும் தண்ணீர். ஏரியில் ஏதோ இருக்கிறது என்கிற பேச்சும் ஏற்கெனவே பெஞ்சு பெஞ்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

வாரம் முடிவதற்குள் கழிக்கு மஞ்சள் பூசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கரையில் விளக்கு வைத்தார்கள். ஒரு பூக்காரம்மா கூடையோடு வந்து நிரந்தரமாக உட்கார்ந்தாள். கழியை நேராக நிமிர்த்தப் போன என்னைப் பார்த்து, "சப்பலி தெகீரிம்மா" என்று அதட்டினாள். எங்கள் வீட்டுக் கேட் பெயிண்டுக்கு முன்னால் நான் செருப்பைக் கழற்ற வேண்டுமாம். கழற்றினேன், வேறென்ன செய்வது?

என் கணவர் ஒவ்வொருவரிடமும் போய், "சார், இது ஸ்கேல். அளக்கறதுக்கு வெச்சது" என்று விளக்கினார். பெரிய நாமம் போட்ட ஒருவர், மேல்கோட்டைக் குடும்பம், கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உண்மை சார். எல்லாரையும் அளக்கறவன் அவன்தானே."

என் கணவர் அதற்குப் பிறகு விளக்குவதை விட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் என் காதில் ஓதினார். முதலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கறி வைக்க வேண்டுமாம். பிரிட்ஜில் இருந்து ஒரு கோழிக்கால் எடுத்தேன், நைலான் கயிற்றில் கட்டினேன், எவர்சில்வர் டப்பாவில் வைத்து ஏரிக்குக் கொண்டு போனேன். கயிற்றின் மறுமுனையைக் கட்ட அங்கே உறுதியாக நின்றது ஒன்றே ஒன்றுதான். கட்டி முடிப்பதற்குள் பூக்காரம்மா போட்ட கூச்சலில் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

அன்று நடைப்பயிற்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கேள்வி இதுதான்: ஏரியில் இருக்கும் தெய்வம் சைவமா, அசைவமா? நாகம் என்றால் பால்தான் என்றார் நாமக்காரர். "எங்கூருச் சாமிக்குக் கெடா வெட்டுவமுங்க, அது என்ன பாவங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் குரல் பதிவு அனுப்பினார். முட்டை மட்டும் அனுமதிக்கலாமா என்று ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் சமரசம் பேசினார். சர்ச்சுக்குப் போகிற பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று ஒருவர் கேட்டார். கேட்ட கேள்வி நியாயமானதாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. கடைசியில், விவரம் தெரியும்வரை பொரியும் வாழைப்பழமும் மட்டும் என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் படி படியாகப் பொரி தண்ணீரில் விழுந்தது. கழியைச் சுற்றி மீன் மொய்த்துக்கொண்டு கிடந்தது.

அடுத்து வந்தது டிரோன். கல்யாண போட்டோகிராபர் ஒருவர் தானாகவே ஆசைப்பட்டுக் கொண்டு வந்தார். ஏரி நடுவில் அது ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றபோது ஒரு பருந்து வந்து ஒரே அடி. டிரோன் தலைகீழாகத் தண்ணீரில் போயிற்று. நான் பார்த்தேன், என் கணவர் பார்த்தார், போட்டோகிராபர் வாயில் அடித்துக்கொண்டே பார்த்தார். ஆனால் சாயங்காலம் என் சர்ச் தோழி ஒருத்தி எனக்கே அனுப்பிய செய்தியில், ஏரி ராட்சசன் தென்னைமர உயரம் எகிறி விமானத்தைக் கவ்வியது என்றிருந்தது. ஜெபம் பண்ணச் சொல்லி இருந்தாள்.

"பருந்து. நான்தான் பாத்தேனே" என்றார் என் கணவர், குழுவில் இருந்த எல்லாரிடமும். ஒருவரும் நம்பவில்லை. ஏரியில் என்னமோ இருக்கிறது என்று சொன்னபோது மகள் நம்பவில்லை. ராட்சசன் இல்லை, பருந்துதான் என்றபோது ஊர் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். ஒரு மத்தியானம் ஹாலில் நின்று ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தூரத்துக் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. தன் வேலைக்காலம் முழுக்க உருப்படிகளைத் திருப்பி அனுப்பிய மனுஷன், தன்னையே மேஜை மேல் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"உண்மையிலேயே பாத்தேனா?" என்று ராத்திரி சாப்பாட்டின்போது என்னிடம் கேட்டார்.

"பாத்தீங்க" என்றேன். "சாம்பார் ஊத்தட்டுமா?"

டிசம்பரில் மகள் தனியாக வந்தாள். டாக்ஸியில் இருந்து இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினாள். எடை இல்லாமல் ஒரு கையால் தூக்கினாள். இரண்டும் காலி. எங்கள் துணிமணிகளுக்காகக் கொண்டு வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போய் மாமரத்தடியில் நின்றுகொண்டேன்.

"அம்மா, நான் என்ன உங்களை ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போறேன்?" என்று பின்னாலேயே வந்தாள்.

"நாளைக்குக் காலைல ஒரு தடவை எங்களோட கெரெக்கு வா. அப்புறம் பெட்டியை ரொப்பு" என்றேன்.

அரை மனசாகச் சரி என்றாள்.

மறுநாள் காலை ஏரி மேல் பனி படர்ந்திருந்தது. கழி இப்போது நிஜமாகவே கம்பீரமாக இருந்தது. தலையில் எலுமிச்சம்பழம், கழுத்தில் இரண்டு மாலை. மகள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, பழக்க தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். பூக்காரம்மா திருப்தியாகத் தலையாட்டி அவள் கையில் ஒரு பிடி பொரியைக் கொடுத்தாள். மகள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரில் வீசினாள்.

மீன்கள் துள்ளின. பிறகு ஒரே நேரத்தில் எல்லா மீனும் சிதறின.

கழிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் உப்பியது. ஒரு மேடு. பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால் ஒன்று. கறுப்பாக, பளபளவென்று, ஒரே சீராக நகர்ந்து வந்து ஒன்று ஒன்றாக உள்ளே போயின.

மகள் போட்ட அலறலில் கொக்கெல்லாம் பறந்தன. கையில் இருந்த போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். பிறகு போட்டுப் பார்த்தபோது அவள் கட்டைவிரலும் அலறலும் மட்டும் இருந்தன. உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தினாள்.

"நிஜமாவே இருக்கு! மூணு முதுகு! பெருசு!"

மாப்பிள்ளையின் அந்த மென்மையான குரல் கேட்டது. "சரிம்மா. சரி. நீ ராத்திரி சரியா தூங்கினியா?"

"நான் பாத்தேன்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"பாத்திருப்ப, பாத்திருப்ப. இந்த மாசம் உனக்கு ஆபீஸ்ல ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி இல்லையா. போனை அத்தைகிட்ட குடேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இதற்கு நடுவில் அவள் முதுகுக்குப் பின்னால், கழிக்குப் பக்கத்தில், மீசை வைத்த ஒரு தட்டைத் தலை தண்ணீரில் இருந்து எழும்பி வந்தது. வாயில் ஒரு கெண்டை மீன். பக்கத்தில் இன்னும் இரண்டு தலை. மூன்று நீர்நாய்கள். ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வந்திருக்க வேண்டும். பொரிக்கு மீன் சேர்ந்தது, வந்தவை அந்த மீனுக்காக இங்கேயே தங்கிவிட்டன. என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினேன்.

போன் என் கைக்கு வந்தது. "அத்தை, அங்க உண்மையிலேயே ஏதாவது இருந்துச்சா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

நீர்நாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் அந்தக் காலிப் பெட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் பாக்கலையே மாப்பிள்ளை" என்றேன்.

"அம்மா!" என்றாள் மகள். அப்படி ஒரு குரலை அவள் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"அவளைக் கொஞ்சம் பார்த்துக்கங்க அத்தை."

"நீங்க கவலைப்படாதீங்க. இங்கேயே வெச்சு நாங்க பாத்துக்கறோம்."

மகள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. நான் பொய் சொல்றேனா?"

என் கணவர் போனை என்னிடமிருந்து வாங்கினார். நீர்நாய்கள் அவர் கண் எதிரே மீனைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

"மாப்பிள்ளை, என் பொண்ணு பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பா. அவ்வளவுதான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

மகள் அப்படியே நின்றாள். இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை மாதத்தில் ஒருவரும் அவருக்காகச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "சாரிப்பா" என்று சொல்லி அவர் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தோளைப் பிடித்து ஏரிப் பக்கம் மெதுவாகத் திருப்பி விரலை நீட்டினார். மீசைக்காரர் மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனை அடிப்பா இருக்கும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

அவர் கண்ணைச் சுருக்கி, மாலைகளுக்குக் கீழே தெரிந்த பட்டைகளை எண்ணினார். "மூணும் வரிசையா போனா பன்னிரண்டு" என்றார். "பிளஸ் ஆர் மைனஸ் ஒரு அடி."

இரண்டு நாள் கழித்து அவள் பெங்களூருக்குப் புறப்பட்டாள். ஒரு பெட்டியில் கிறிஸ்துமஸ் பலகாரமாக நான் சுட்ட அச்சுமுறுக்கும் கல்கல்லும் நிறைய இருந்தன. இன்னொன்றை வந்தது போலவே காலியாக எடுத்துக்கொண்டு போனாள்.